ஏழரைக்கு விடியும் கூடு

எங்கள் வீட்டில் ஏழரைக்குத்தான் பொழுது விடியும். காலை ஏழரை இல்லை, ராத்திரி ஏழரை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிற நேரம். அதுவரை கறுப்பு வெள்ளையாகக் கிடந்த டிவிப் படத்தில் மெல்ல நிறம் ஏறும். முதலில் ஒரு சாம்பல், பிறகு பைன் மரத்துப் பச்சை, கடைசியாகப் பின்னால் ஏரியின் நீலம். நடுவில் குச்சிகளை அடுக்கிக் கட்டிய பெரிய கூடு. அதற்குள் முதுகெல்லாம் பனி விழுந்து உட்கார்ந்திருக்கிறவள் தலையைத் தூக்கி ஒரு உதறு உதறுவாள். "எந்திரிச்சுட்டா ஏட்டி" என்று கட்டிலில் இருந்து அம்மாவின் குரல் வரும். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வருவேன்.

உட்கார்ந்திருக்கிறவள் பெயர் ஜாக்கி. வெண்தலைக் கழுகு. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலையில் பிக் பேர் என்று ஒரு ஏரி இருக்கிறது. ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். அந்த ஏரியைப் பார்த்தபடி நிற்கிற ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில், தரையிலிருந்து சுமார் 145 அடி மேலே அவள் கூடு. 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி' என்ற அமைப்பு 2015-ல் அங்கே கேமரா வைத்தது. சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடுகிற கேமரா. இரவில் கழுகின் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் எடுக்கும். யூடியூபில் இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நமக்கும் அவர்களுக்கும் பதிமூன்றரை மணி நேரம் வித்தியாசம். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்த பிறகு பன்னிரண்டரை. ஜனவரியில் எட்டு மணி வாக்கில் விடிகிற கூடு மார்ச்சில் ஏழரைக்கு விடியும். "ஏழரையில விடியுதேம்மா, சனி பிடிச்ச நேரம்லா" என்று ஒருநாள் கிண்டல் பண்ணினேன். அம்மா யோசிக்காமல் சொன்னாள்: "சனிக்கு வாகனம் காக்காதான? இவளுக்கு எதிரியே காக்காதான். சரியாத்தான் இருக்கு."

2024 ஜனவரியில் பொங்கல் கழிந்த வாரம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடித்துச் சென்னையில் என் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்தேன். கயத்தாறு பக்கத்துக் கரிசலில் ஆடு, கோழி, மிளகாய்த் தோட்டம் என்று எழுபது வருஷம் ஓடி நடந்தவளை நாலாவது மாடியில் கட்டிலோடு கட்டிப்போட்டாயிற்று. சீரியல் போட்டேன், எரிச்சல்பட்டாள். பக்திப் பாட்டு போட்டேன், தூங்கிப்போனாள். நாலாவது நாள், "உசுரோட இருக்கிறது எதையாச்சும் காட்டு ஏட்டி" என்றாள். ஆபீஸில் வேலைக்கு நடுவே திரையின் மூலையில் நான் ஒளித்துப் பார்க்கிற ஒன்று இருந்தது. அதை எடுத்து டிவியில் போட்டேன்.

பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "பருந்துலா இது! கோழிக்குஞ்சு தூக்குற சாதிய உக்காந்து பாக்கச் சொல்லுத."

அவள் கோபம் நியாயமானது. ஊரில் குஞ்சுக்கோழி மேயும்போது தரையில் ஒரு நிழல் வட்டம் போட்டால் போதும், தாய்க்கோழி ஒரு மாதிரி கத்தும். அந்தக் கத்தலுக்குக் குஞ்செல்லாம் செட்டைக்குள் ஓடும். அம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு "ஓய் ஓய்" என்று வாசலுக்கு ஓடுவாள். பத்துக் குஞ்சு பொரித்தால் பஞ்சாரத்துக்குத் திரும்பி வருவது ஆறு. மிச்சம் பருந்துக் கணக்கு, கீரிப்பிள்ளைக் கணக்கு. இதே அம்மாதான் நெஞ்சு வெளுத்த செம்பருந்து மேலே வட்டமிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வெள்ளை இருந்தால் கருடன், இல்லாவிட்டால் கள்ளப் பருந்து. ஜாக்கிக்குத் தலை வெள்ளையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. "சரி, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

அவள் மனசை மாற்றியது கால்.

கழுகின் கால் நகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். கறுத்து, வளைந்து, கொக்கிபோல. மீனை ஏரியிலிருந்து கொத்தாகப் பிடுங்கி வருகிற நகம். அன்று ஜாக்கி முட்டைகளை விட்டு எழுந்து போய் ஒரு குச்சியைச் சரி செய்துவிட்டுத் திரும்பினாள். முட்டைகளுக்கு ஒரு முழம் இருக்கும்போதே விரல்களை மடக்கி, நகத்தையெல்லாம் உள்ளே சுருட்டிக்கொண்டாள். நாம் கையை மூடி முட்டி பிடிப்பதுபோல. அந்த மூடின காலாலேயே தத்தித் தத்தி நடந்து வந்தாள். அலகால் முட்டையை ஒரு புரட்டு புரட்டினாள். பிறகு வயிற்றை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி மெதுவாக இறங்கினாள். வயிற்றில் அந்த இடத்தில் இறகு உதிர்ந்து வெறும் தோல் இருக்கும். உடம்புச் சூடு நேராக ஓட்டில் படவேண்டும் என்பதற்காக. அம்மா இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நகத்த மடக்குதா பாத்தியா" என்றாள். அன்று முதல் 'பருந்து' போய் 'அவள்' ஆகிவிட்டது.

அந்த வருஷம் ஜனவரி 25, 28, 31 என்று மூன்று நாள் இடைவெளியில் மூன்று முட்டை. கோழிக்கு இருபத்தொரு நாள், இவளுக்கு எத்தனை என்று கேட்டாள். ஏறக்குறைய 38, 40 நாள் என்றேன். தலைமாட்டில் இருந்த நாள்காட்டியில் நானே பேனாவால் வட்டம் போட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. ஊரில் அடை வைத்தால் ஓலைக் கூடையில் மணல் பரப்பி, முட்டையோடு ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், இரும்பு இருந்தால் காக்கும் என்பது கணக்கு. பிக் பேரில் மழை இடியோடு வந்தபோது அம்மா கவலையோடு கேட்டாள், "அவளுக்கு இரும்பு யாரு வைப்பா?"

இரும்பு வைக்க ஆள் இல்லை. ஆனால் ஷேடோ இருந்தான்.

ஷேடோ ஜாக்கியின் இணை. 2018-ல் வந்து, அங்கே இருந்த பழைய ஆணை விரட்டிவிட்டு இடம் பிடித்தவன். இந்தச் சரித்திரத்தைச் சொன்னபோது அம்மாவுக்கு அவன்மேல் நல்ல அபிப்பிராயம் வரவில்லை. ஆனால் மறுநாளே அவன் அடைக்கு உட்கார்ந்ததைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டாள். "சேவல் அடை உக்காருமா!" உட்காரும். வெண்தலைக் கழுகில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். பெண்தான் உருவத்தில் பெரியது. அதனால் ஷேடோ உட்கார்ந்தால் மூன்று முட்டையையும் மூட அவன் படுகிற பாடு தனி. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் ஒன்று எட்டிப் பார்க்கும். உட்கார்ந்துவிட்டால் எழவும் மாட்டான். ஜாக்கி வந்து பக்கத்தில் நின்று, குரல் கொடுத்து, அலகால் தட்டி, கடைசியில் இடித்துத் தள்ளித்தான் எழுப்பவேண்டும். இவனுக்கு முறை வேண்டுமென்றால் எங்கிருந்தோ ஒரு குச்சியைத் தூக்கி வந்து அவள் முதுகிலேயே போடுவான். "கோட்டிக்காரப் பய" என்று அம்மா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "ஒங்கப்பா ஒருநாள் தொட்டில ஆட்டிருப்பாரா" என்றும் சேர்த்துக்கொண்டாள். அப்பா போட்டோவில் இருந்தார், பதில் சொல்லவில்லை.

குரலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சினிமாவில் கழுகைக் காட்டும்போது வானத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு கத்தல் கேட்குமே, அது வெண்தலைக் கழுகின் குரல் இல்லை. செவ்வால் பருந்தின் குரலை எடுத்து ஒட்டியிருப்பார்கள். இவர்களின் சொந்தக் குரல் மெல்லிசாகக் கிக்கிக்கி என்று, கோழிக்குஞ்சு பெரியவளாகிப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. "இம்புட்டு உடம்புக்கு இந்தச் சத்தமா" என்றாள் அம்மா.

பிப்ரவரியில் பனிப்புயல் வந்தது. ஜாக்கி 60 மணி நேரத்துக்கு மேல் எழவே இல்லை. எங்களுக்குப் பகல், அவர்களுக்கு இரவு. வெளியே சென்னை வெயில், உள்ளே டிவியில் கறுப்பு வெள்ளையில் பனி சாய்வாக விழுந்துகொண்டே இருந்தது. முதலில் கூட்டின் விளிம்பு மறைந்தது, பிறகு அவள் முதுகு. கடைசியில் வெள்ளைக் குழிக்குள் ஒரு அலகும் ஒரு கண்ணும் மட்டும். முதுகில் பனி உருகாமல் அப்படியே நிற்கிறது என்றால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம். இதை நான் அம்மாவுக்கு விளக்கினேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. அன்று பிஸியோதெரபி பெண் வந்து காலைத் தூக்கச் சொன்னபோது முனகாமல் தூக்கினாள். வழக்கமாக அந்தப் பெண்ணைத் திட்டுவாள்.

மார்ச் வந்தது. நாள்காட்டியில் வட்டம் போட்ட தேதிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஓட்டில் ஒரு கீறல் இல்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் அந்த மூன்று வெள்ளை ஓட்டையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அழுக்குப் புள்ளி தெரிந்தால், விரிசல் என்று நானே நம்பிக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. நாற்பத்தைந்தாவது நாள் சொல்லிவிட்டாள்: "கூமுட்ட."

நாம் ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு வைத்திருக்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று மறந்துவிட்டோம். அம்மாவுக்கு மறக்கவில்லை. அவளுடைய அம்மா, அடை நாள் தாண்டின முட்டையைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பாளாம். களக் களக் என்று கேட்டால் கூமுட்டை, தூரப் போடவேண்டியது. சந்தேகமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுவார்களாம், உயிர் இருந்தால் முட்டை தானாக அசையும். கெட்டதை எடுத்துப் போட்டால்தான் கோழி அடையை விட்டு எழுந்து இரை எடுக்கும், உடம்பு தேறும், அடுத்த ஈட்டுக்குத் தயாராகும். இத்தனை விவரம் தெரிந்த ஒருத்தி கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு தாய் கூமுட்டைமேல் உட்கார்ந்திருப்பதை நாள் முழுக்கப் பார்க்கவேண்டியிருந்தது.

"யாராச்சும் ஏறி ஒரு ஆட்டு ஆட்டிப் பாக்கக் கூடாதா?"

கூடாது. அமெரிக்காவில் 1940-லிருந்தே இந்தக் கழுகுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கூட்டைத் தொட்டால், கலைத்தால், தொந்தரவு பண்ணினால் குற்றம். கேமராவைப் பழுது பார்ப்பதென்றால்கூட முட்டையிடும் பருவத்துக்கு முன்னாலேயே மரம் ஏறி முடித்துவிடவேண்டும். நடுவில் கேமரா கண்ணில் பனி அப்பிக்கொண்டால் சூரியன் உருக்குகிற வரைக்கும் எல்லாரும் மங்கலாகத்தான் பார்க்கவேண்டும். நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள்: "அப்போ கண்ணாடி வழியா பாக்கலாம், உள்ள போய்த் தொடக் கூடாது. ஐசியூ மாதிரி?"

அப்படித்தான்.

எனக்கு முதலில் இந்த விதி பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 ஏப்ரலில் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறையின் கேமராவில் இருந்த கழுகுக் கூடு பனியின் பாரத்தில் கிளையோடு முறிந்து விழுந்தது. 2,000 பவுண்டுக்கு மேல் எடை இருந்த கூடு, அதாவது தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல். உள்ளே சில நாளே ஆன ஒரு குஞ்சு. தாய் அடியில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் தரை சரிகிறது, அவ்வளவுதான். குஞ்சு பிழைக்கவில்லை. அந்தப் பதிவை ஒரே ஒரு தடவை பார்த்தேன். கிளை பலவீனமாக இருப்பது கேமரா வைத்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்காதா, முட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா என்று இரண்டு நாள் பொருமினேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் வேறொன்று சொன்னாள்.

குஞ்சு ஓட்டை உடைக்க முடியாமல் ரொம்ப நேரம் கத்தினால் மனசு கேட்காமல் நகத்தால் ஓட்டைப் பிரித்துவிடுவாளாம். "பாவமா இருக்கும்லா. உரிச்சு விட்டுருவேன்." அப்படி உரித்துவிட்ட குஞ்சு எத்தனை பிழைத்தது என்று கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்தாள். "பாதி போயிரும். ரத்தம் வந்துரும். எங்காத்தா அப்பவே சொல்லும், கையத் தூக்கி இடுப்புல சொருகுட்டின்னு." ஓட்டின் உட்பக்கத்து ரத்த நாளங்கள் வற்றி, மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுபட்ட பிறகுதான் குஞ்சு வெளியே வரவேண்டும். அதற்குமுன் உரித்தால் ரத்தம் வரத்தான் செய்யும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் திணறலாகத் தெரிகிற நேரமெல்லாம் உள்ளே வேலை நடக்கிற நேரம். ஆத்தாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கும் தெரியும். கைதான் கேட்காது.

ஏப்ரலில் ஜாக்கி முதலில் விட்டாள். கூட்டுக்கு வருவாள், பார்ப்பாள், போய்விடுவாள். ஷேடோ மட்டும் வந்து வந்து உட்கார்ந்தான். கடைசியில் அண்டங்காக்கை ஒன்று வந்து ஓட்டைக் கொத்தித் திறந்தது. 2021-லும் முதல் ஈட்டு முட்டைகளை அண்டங்காக்கைகள்தான் தின்றன. 2022-ல் ஸ்பிரிட் என்று ஒரே ஒரு குஞ்சு தேறியது, 2023 வெறும் வருஷம், இப்போது 2024-உம். காக்கை கொத்தியபோது அம்மா டிவியை அணைக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். "திங்கட்டும். அதுக்கும் வயிறு இருக்கு. இனி இவன் எந்திரிச்சுப் போவான்" என்றாள்.

முட்டை பொரிக்காத கதை இந்தப் பறவைக்குப் புதிது இல்லை. 1963-ல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் மிஞ்சியிருந்தது 417 ஜோடிதான். காரணம் டிடிடி. வயலில் அடித்த மருந்து ஆற்றுக்குப் போய், ஆற்றிலிருந்து மீனுக்குப் போய், மீனிலிருந்து கழுகுக்குப் போனது. அது உடம்பில் சேர்ந்தால் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து ஒழுங்காகப் போகாது, ஓடு மெலிந்துவிடும். அடைகாக்க உட்கார்ந்த தாயின் கனத்திலேயே முட்டை நொறுங்கும். அம்மா இந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "டிடிடியா? நம்ம வீட்டுச் செவத்துல வந்து அடிப்பாங்களே!" மலேரியா ஒழிப்புக்காக ஆட்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரெல்லாம் அடித்து, கதவுக்குப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார்களாம். வெள்ளைப் பொடி படிந்த சுவரில் சாய்ந்து பிள்ளைகள் விளையாடுமாம். அமெரிக்காவில் 1972-ல் அதைத் தடை செய்தார்கள். 2007-ல் இந்தக் கழுகு அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. பிறகு எடுத்த கணக்கில் 71,400 ஜோடி. ஜாக்கியும் ஷேடோவும் அதில் ஒன்று.

நம் பக்கத்தில் கழுகு பார்த்த கதை ஒன்றும் அம்மாவிடம் இருந்தது. கல்யாணமான புதிதில் திருக்கழுக்குன்றம் போனார்களாம். உச்சி வேளையில் மலைமேல் பண்டாரம் பொங்கல் வைத்துக் கூப்பிட, இரண்டு கழுகு வந்து கொத்திவிட்டுப் போனதாம். கூட்டம் மூச்சுக் காட்டாமல் நின்றதாம். அவை மஞ்சள் முகத்துப் பாறுகள், பிணந்தின்னிக் கழுகு வகை. 1998-க்குப் பிறகு வரவில்லை. எல்லாரும் குறித்த நேரத்துக்குப் போய், தள்ளி நின்று, வருமா வருமா என்று பார்த்திருக்கிறார்கள். நான் டிவிக்கு முன்னால் செய்வதும் அதுவேதான், மலை ஏறுகிற வேலை மட்டும் இல்லை.

கால் தேறி அம்மா ஊருக்குப் போனாள். 2025 பொங்கல் கழிந்து யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்து இறங்கினாள், கையில் கோலோடு. "முட்ட போட்ருப்பாளே" என்றாள். நான்கைந்து நாளில் போட்டாள். ஜனவரி 22, 25, 28. மறுபடி மூன்று. மறுபடி நாள்காட்டி. இந்தத் தடவை வட்டங்களை அம்மாவே போட்டாள்.

மார்ச் 4, செவ்வாய். பிக் பேரில் அப்போது திங்கள் நடுராத்திரி நெருங்குகிறது. எனக்கு அன்று வீட்டிலிருந்து வேலை. முந்தின நாளே ஓட்டில் ஒரு துளை தெரிந்துவிட்டது, அதனால் வேலை எங்கே ஓடியது. பகல் ஒரு மணி இருக்கும், ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நிறுத்தினாள். ஜாக்கி எழுந்து தள்ளி நிற்கிறாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பக்கத்தில் நனைந்த பஞ்சுபோல ஒன்று நெளிகிறது, தலை நிற்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் இரண்டாவது. எங்கள் கணக்கில் இரண்டும் ஒரே நாள் பிள்ளைகள், அவர்கள் தேதியில் திங்களும் செவ்வாயும். மார்ச் 8-ல் மூன்றாவதும் வந்தது. இந்த ஜோடிக்கு மூன்றும் பொரித்தது அதுதான் முதல் தடவை.

முதல் இரண்டும் பொரித்த மறுநாள் காலை எனக்கு ஆபீஸ் போகவே மனசில்லை. ஜாக்கி மீனை மிதித்துக்கொண்டு, அலகு நுனியில் அரிசி அளவுக்குக் கிள்ளி, தலையைச் சாய்த்து அந்த ஆடுகிற வாய்க்குள் வைப்பாள். குஞ்சு தவறவிட்டால் எடுத்துத் தானே தின்றுவிட்டு இன்னொன்று கிள்ளுவாள். ஷேடோ ஊட்டினால் துண்டு பெரிதாகிவிடும், குஞ்சு அதைத் தூக்க முடியாமல் முகத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். தலை நிற்காத வயதிலேயே மூத்த இரண்டும் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. பிறகு பின்பக்கத்தைக் கூட்டின் ஓரத்துக்குத் திருப்பி, தூரமாகப் பீய்ச்சி அடிப்பார்கள். சுத்தக்காரப் பிள்ளைகள். ஒருநாள் குறி தப்பிக் கேமரா பக்கம் வந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது ரொம்பச் சின்னது. "கடக்குட்டிக்கு எட்டல பாரு, முன்னாடி தள்ளி விடு" என்று டிவியைப் பார்த்துச் சொல்வாள். யாரிடம் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நானும் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஆபீஸில் இருந்தேன். அங்கே வியாழன் இரவு. காலையிலிருந்தே பனிப்புயல். மதியம் அம்மா போன் பண்ணினாள். "முதுகு வரைக்கும் மூடிட்டு ஏட்டி. உள்ள மூணும் இருக்கும்லா?" இருக்கும் என்றேன். மூன்று மணிக்கு மறுபடி. "காத்து சத்தம் கேக்கு. கூடு ஆடுது." நான் மீட்டிங்கில் இருந்தேன், காதில் ஒரு பக்கம் யாரோ காலாண்டுக் கணக்கு பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் விளக்கே போடவில்லை. டிவி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏழரைக்கு விடிந்தது. ஜாக்கி எழுந்தாள், பனி சரிந்து விழுந்தது. இரை ஊட்ட ஆரம்பித்தாள். இரண்டு வாய் திறந்தன.

"எண்ணிப் பாரு" என்றாள் அம்மா.

எண்ணினேன். ஜாக்கிக்குப் பின்னால் இருக்கலாம், பள்ளத்தில் கிடக்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எண்ணியாச்சுல்லா?" என்றாள் கடைசியில். பிறகு அந்த அமைப்பின் அறிவிப்பும் வந்தது, ஒரு குஞ்சு போய்விட்டது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "மத்த ரெண்டும் வயிறு நெறைய தின்னுச்சா" என்று மட்டும் கேட்டாள். தின்றன. தோசை ஊற்றச் சொன்னாள். இரண்டு தின்றாள், வழக்கத்துக்கு ஒன்று குறைவு.

போன குஞ்சுக்குப் பிறகு மிஸ்டி என்று பெயர் வைத்தார்கள், இறந்துபோன ஒரு தன்னார்வலரின் நினைவாக. மற்ற இரண்டுக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர் சன்னி, கிஸ்மோ. கழுகுக்கு இப்படிச் செல்லப் பெயர் வைப்பதும், பனியனில் அச்சடிப்பதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். ஆனால் அம்மா கிஸ்மோவைக் கிச்சு ஆக்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது, நான் பேச இடமில்லை.

மேயில் பார்த்தால் இரண்டும் தாயின் உயரம். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பு. வெள்ளைத் தலை வர நாலைந்து வருஷம் ஆகும். காற்று வந்தால் கூட்டின் விளிம்பில் ஏறி நின்று இறக்கையை விரித்துக் குதிப்பார்கள், ஒரு அடி எழும்பி அப்படியே திரும்ப இறங்குவார்கள். 145 அடி. அம்மா ஒவ்வொரு தடவையும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். ஜூன் 2-ல் சன்னி பறந்தாள். நாங்கள் அப்போது தூங்கிப் போயிருந்தோம். காலையில் பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். கிளையில் நின்றாள், குனிந்தாள், இல்லை. அவ்வளவுதான். நாலு மாசம் பார்த்தது இரண்டு விநாடியில். "சொல்லாமப் போயிட்டா" என்றாள் அம்மா, கொஞ்சம் கோபத்தோடே. சில நாளில் கிச்சுவும் போனது.

எங்கே போனார்கள் என்று இனி சொல்ல முடியாது. காலில் வளையம் கிடையாது. தலை வெளுத்துவிட்டால் நம் கண்ணுக்கு எல்லாக் கழுகும் ஒன்றுதான். ஏதாவது ஏரிக்கரையில் நேருக்கு நேர் வந்து நின்றாலும் இவள்தான் சன்னி என்று அம்மாவால் சொல்ல முடியாது.

ஜூலையில் அம்மா ஊருக்குத் திரும்பினாள். கோழி வாங்கி விட்டிருக்கிறாளாம், பஞ்சாரம் புதிதாக முடையச் சொல்லியிருக்கிறாளாம். போன வாரம் வீட்டிலிருந்து வேலை. பழக்கத்தில் மதியம் டிவியைப் போட்டுவிட்டேன். அங்கே இரவு. வெறும் கூடு, காற்றுச் சத்தம் மட்டும். திடீரென்று கூட்டின் ஓரத்தில் இரண்டு கண் மின்னியது. பறக்கும் அணில். அந்த மலையில் இருக்கிற வகை, ராத்திரியில் கூட்டுக்கு வரும். கழுகுகள் தூங்கும்போதே மேலே ஏறி விளையாடி வாங்கிக் கட்டிக்கொள்கிற ஜாதி. நடுப்பள்ளத்துக்கு வந்து எதையோ முகர்ந்து பார்த்தது. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"கூட்டுக்குள்ள அணில் வந்துருக்கும்மா."

பின்னால் கோழிச் சத்தம் கேட்டது. "முட்ட எதுவும் இல்லல்லா?"

"இல்ல. வெறுங்கூடு."

"அப்போ வெரட்டாண்டாம். இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.